ஒழுகாத வண்டி

நீங்க ஜன்னலோரம் உக்காருங்க, எனக்கு வேண்டாமுங்க. வெளிய வேடிக்க பாக்கற மாதிரி மனசு இல்லீங்க இன்னிக்கு. எங்க, கிருஷ்ணகிரிக்கா போறீங்க? நானும் அங்கதானுங்க. டிக்கெட்டுல ஓசூருன்னு போட்டிருக்குதேன்னு பாக்கறீங்க. கண்டக்டரு கேட்டப்ப வாயில ஓசூருன்னு வந்துருச்சு, எடுத்துட்டேன். ஓசூரு டிக்கெட்டோட ஒருத்தன் கிருஷ்ணகிரியில எறங்குனா யாரு கேக்கப் போறாங்க.

நம்மளுக்குச் சங்ககிரிங்க. லாரி ஊரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா நான் லாரி பாக்கறதில்ல, டூவீலரு மட்டுந்தான். அதுலயும் பழைய புல்லட்டுன்னா செங்கோடன்கிட்ட விடுன்னு திருச்செங்கோடு, எடப்பாடி வரைக்கும் சொல்லுவாங்க. பீத்திக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. அவங்க சொல்றாங்க, அத நான் உங்ககிட்ட சொல்றேன், அவ்வளவுதான்.

இன்னிக்கு ஒரு அம்மாகிட்ட ஒரு சேதி சொல்லப் போறேனுங்க. ஒரே ஒரு வரி. ‘உங்க ஊட்டுக்காரரு வண்டியில ஆயிலு சீல மாத்துனது நாந்தானுங்க.’ அவ்வளவுதான் சேதி. சிரிப்பு வருதுங்களா? இதச் சொல்றதுக்கு ஒரு மனுசன் கடையச் சாத்திட்டு, சேலம் வந்து, பஸ்ஸு மாறி, இத்தன தூரம் வருவானான்னு தோணும். எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு. ஆனா இந்த ஒரு வரிய வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லலீன்னா ஒரு புருசனும் பொண்டாட்டியும் இனிச் சேர மாட்டாங்க. என்னால வந்ததுன்னு எங்க ஊட்டுல சொல்றாங்க. என்னால வந்ததுன்னு நான் ஒத்துக்கலீங்க. ஆனா சோறு எறங்க மாட்டேங்குது.

அவரு பேரு அர்த்தநாரி. எனக்கு அண்ணன் மொறை மாதிரி, சொந்தமெல்லாம் இல்ல, பழக்கந்தான். ஊருக்கு வெளிய வெள்ளாம பண்ற காடு கொஞ்சம் இருக்குது, ரெண்டு எருமை. காலையில பால் கேன வண்டியில கட்டிக்கிட்டு சொசைட்டிக்கு ஊத்த வருவாரு. வண்டின்னா சாதாரண வண்டியில்லீங்க, எழுபத்தி நாலாம் மாடலு புல்லட்டு. அவங்கப்பா வாங்குனது. கியரு வலது பக்கம், பிரேக்கு எடது பக்கம் இருக்கும் பாருங்க, அந்தக் காலத்து வண்டி. இன்னிக்கும் ஒரே ஒதையில கெளம்பும். அது யாரு கைவேலைன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு வியாதி, ஒழுகும். எங்க நிறுத்துனாலும் நிறுத்துன எடத்துல சொட்டு சொட்டா ஆயிலு. சித்த நேரம் நின்னாப் போதும், தோசை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டுரும். எங்கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில சொல்லுவாங்க, செங்கோடன்கிட்ட விட்ட வண்டி வர்ற வழியெல்லாம் கோலம் போட்டுட்டு வருதுடான்னு. என்னத்தச் சொல்றது. வண்டி அவரோடது, பேரு கெடறது என்னோடதா? நானும் பல தடவ சொன்னேன், அண்ணா சீல மாத்திரலாம், ஒரு நாள் வேலைதான்னு. வேண்டாம்பாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு செங்கோடாம்பாரு. ஏன்னு சொல்ல மாட்டாரு. கஞ்சத்தனம்னு நெனச்சேனுங்க. வேற என்ன நெனைப்பான் ஒருத்தன்?

அவரு ஊட்டு விசயம் ஊருக்கே தெரியும். ஒரே பொண்ணு கவுசல்யா, கூட வேல பாத்த பையனக் கட்டிக்கிச்சு. அவங்க வேற ஆளுங்க. அர்த்தநாரியண்ணன் அந்தக் கல்யாணத்துக்குப் போகல. பாவாயக்கா, அதான் அவரு சம்சாரம், போயிட்டு வந்துருச்சு. வந்ததும் வாசல்ல நிறுத்தி வச்சு, அவ கல்யாணத்துக்குப் போன காலோட எம்பட ஊட்டுக்குள்ள வராதன்னு சொல்லிட்டாரு. சொன்னது அந்த நிமிசத்துக் கோவத்துலதான். ஆனா அந்தம்மா பையக்கூட கீழ வைக்காம திரும்பி நடந்துருச்சு. அவங்கண்ணன் ஊடு ஊருக்குள்ளயே இருக்குது, அவரோட மாவு மில்லும் இருக்குது. அந்தம்மா போயி மில்லப் பாத்துக்க ஆரம்பிச்சுருச்சு. ‘வராதன்னவரு வந்து வான்னு கூப்புடட்டும்’னு சொல்லிருச்சாமா. நாயந்தானுங்களே.

இவரு கூப்புடல. மூணு வருசமா கூப்புடல. ஆனா என்ன பண்ணிக்கிட்டிருந்தாருன்னு கேளுங்க. தெனம் விடியக்காலம் பாலு ஊத்தப் போறப்ப மில்லு முன்னாடி வண்டிய நிறுத்துவாரு. மில்லு தொறக்கறதுக்கு முன்னாடி, யாரும் இல்லாத நேரம். சாத்துன ஷட்டரப் பாத்துக்கிட்டுச் சித்த நேரம் நிப்பாரு, அப்பறம் கெளம்பிப் போயிருவாரு. இது ஒரு ஆம்பள பண்ற காரியமுங்களா? வாசல் வரைக்கும் போகத் தெரியுதில்ல, ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா? வாசலு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றவன என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாதுங்க. அத நீங்க ஞாபகத்துல வச்சுக்கணும். எனக்கு ஒண்ணுமே தெரியாது.

போன ஆனி மாசம் கிளச்சு வழுக்குதுன்னு வண்டியக் கொண்டாந்து விட்டாரு. விட்டுட்டு என்ன சொன்னாருன்னா, கிளச்சு பிளேட்ட மட்டும் மாத்து, சீலத் தொடாத. சொன்னாருங்க. சொல்லலீன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். தெளிவா சொன்னாரு.

ஆனா அந்த வண்டியில கிளச்சு எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும். இந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க, காட்டறேன். எடது பக்கம் பெரிய மூடி, ஒரே நட்டு. அதக் கழட்டுனா உள்ள கிளச்சு. கிளச்ச எடுத்துட்டு, உள்மூடியவும் கழட்டுனா செயினு ஓடற பல்சக்கரம். அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி, கியருபாக்ஸுல இருந்து தண்டு வெளிய வர்ற எடத்துல, இந்த பாட்டிலு மூடிக்குள்ள வளையம் இருக்குது பாருங்க, அது மாதிரி ரப்பரு வளையம். அதுக்குள்ள முடி கனத்துல ஒரு ஸ்பிரிங்கு. அதானுங்க ஆயிலு சீலு. தண்டு சுத்தும், ஆயில வெளிய விடாது. பாதி தூரம் எப்படியும் பிரிச்சாச்சு. இன்னும் கை நீட்டுற தூரந்தான். கடையில புது சீலு இருக்குது. எதுத்தாப்புல டீக்கடையில ஏழெட்டுப் பேரு ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கறாங்க. ஒரு தொழில்காரன் அதத் தொடாம மூடுவானா?

மாத்திட்டேனுங்க. எப்படி மாத்துனேன்னும் கேளுங்க, ஏன்னா அதுலதான் வென வந்து சேந்துச்சு. மத்தவங்க மாத்துனா மூணே மாசத்துல திரும்ப ஒழுகும். அம்பது வருசமா சீலோட உதடு ஒரே எடத்துல ஒரசி, அந்தத் தண்டுல பள்ளம் விழுந்துருக்கும். புது சீலும் போயி அதே பள்ளத்துல ஒக்காந்தா எப்படி நிக்கும்? நான் என்ன பண்ணுவேன்னா, சீலக் கடைசி வரைக்கும் தட்ட மாட்டேன். ஒரு மயிரிழை முன்னாடியே நிறுத்திருவேன். அப்ப உதடு பள்ளத்துல ஒக்காராது, தேயாத எடத்துல ஒக்காரும். தண்டுல இருக்கற பல்லு ரப்பரக் கிழிச்சுரக் கூடாதுன்னு செல்லோடேப்பு சுத்தி, உதட்டுல கிரீஸு தடவி, ஸ்பிரிங்கு இருக்கற பக்கம் உள்ள பாக்கற மாதிரி வச்சு, சைஸுக்கு அறுத்த பைப்புத்துண்ட மேல வச்சு, சுத்திச் சுத்தி மெல்லமாத் தட்டணும். கோணுச்சுன்னா போச்சு. அன்னிக்கு ஒக்காந்தது பாருங்க, அது மாதிரி என் சர்வீஸுல ஒக்காந்ததில்ல. ராத்திரி பூரா வண்டிக்கடியில வெள்ளப் பேப்பரு விரிச்சு வச்சிருந்தேன். காலையில பேப்பரு அப்படியே வெளுப்பா இருந்துச்சு. அதத் தூக்கிட்டுப் போயி டீக்கடையில காட்டுனேனுங்க.

அவருகிட்ட சீலுக்குக் காசு வாங்கல. சொல்லக்கூட இல்ல. அவராப் பாத்து சந்தோசப்படட்டும்னு விட்டுட்டேன்.

தொப்பூர் வந்துருச்சுங்களா? இந்தக் கணவாயில கண்ண மூடிக்குவேன் நான். அந்தப் பக்கம் எறங்கற லாரிங்க பிரேக்கு அடிக்கற சத்தம் கேட்டாலே டிரம்மு சூடு தெரியும் எனக்கு. சரி விடுங்க.

நாலஞ்சு நாள் கழிச்சு வந்தாரு. வண்டிய நிறுத்துனாரு, எறங்குனாரு, குத்த வச்சு ஒக்காந்து அடியில பாத்தாரு. எந்திரிச்சாரு, மறுக்காவும் ஒக்காந்து பாத்தாரு. செங்கோடா, இது சொட்டறதில்லையேன்னாரு. இனி ஜென்மத்துக்கும் சொட்டாதுங்கண்ணான்னேன். எனக்கு அப்படி ஒரு பெருமை. அவரு மூஞ்சிய நான் பாக்கல. பாத்திருக்கோணும். கிட்ட வந்து, என் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி ஒண்ணு கேட்டாரு.

“பழையபடி கொஞ்சமாச் சொட்டற மாதிரி பண்ணித் தர முடியுமா?”

நான் சிரிச்சுட்டேனுங்க.

நீங்களா இருந்தாலும் சிரிச்சிருப்பீங்க. ஒரு ஆளு டாக்டருகிட்டப் போயி சளியத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா டாக்டரு சிரிக்க மாட்டாரா? நான் சும்மா சிரிச்சதோட விட்டிருக்கலாம். டீக்கடப் பக்கம் திரும்பி, ஏப்பா கேட்டீங்களா, அண்ணனுக்கு வண்டி ஒழுகோணுமாமான்னு சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. ஒருத்தன், பழகுன வாசம் இல்லாம அண்ணனுக்குத் தூக்கம் வரலையாட்ட இருக்குதுன்னான். அதுக்கும் சிரிச்சோம். வெளயாட்டுக்குத்தானுங்க. அவரும் சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு முன்னாடியே சொன்னேனில்லீங்க.

அப்பறம் ஒரு மாசத்துக்கும் மேல ஆளக் காணோம். திடீர்னு ஒரு நாள் நடந்து வந்தாரு. வண்டி இல்ல. செங்கோடா, கழிவு ஆயிலு ஒரு பாட்டிலு குடு, எருமை கட்டற சாளையில கம்பத்துக்கெல்லாம் கரையான் ஏறுதுன்னாரு. வழக்கந்தானுங்க, எஞ்சின்ல எறக்குன கருப்பு ஆயில மரத்துக்குப் பூசுனா கரையான் அண்டாது. ஊருல பாதிப் பேரு எங்கிட்டத்தான் வாங்கிட்டுப் போவாங்க. ஒரு பாட்டிலு நெறைய ஊத்திக் குடுத்தேன். இத ஊத்தி வேணும்னா வண்டிக்கடியில வட்டம் போட்டுக்கங்கண்ணான்னு ஒரு வார்த்த வேற சொன்னேன். அவரு பாட்டில வாங்கிக்கிட்டு நடந்துட்டாரு.

நான் சொன்னதையேதான் செஞ்சிருக்கறாருங்க.

மறுநா விடியக்காலம் மில்லு முன்னாடி போயி நின்னுக்கிட்டு, அந்த பாட்டிலத் தொறந்து, வழக்கமா வண்டி சொட்டற எடத்துல கொஞ்சமா ஊத்தப் பாத்திருக்கறாரு. இருட்டு. அளவு தெரிஞ்சிருக்காது. பாதி பாட்டிலு கொட்டிருச்சு. கருகருன்னு, வாசப்படி வரைக்கும் ஓடிருச்சு. பயந்துக்கிட்டு அப்படியே விட்டுட்டு ஓடியாந்துட்டாரு. அன்னிக்குப் பாத்து அமாவாசை. அத அவரு யோசிக்கவே இல்ல.

மில்லு தொறக்க வந்த பாவாயக்கா பாக்குது. கடை வாசல்ல, அமாவாசையும் அதுவுமா, கருப்பா எண்ண ஊத்தி வச்சிருக்குது. அக்கம்பக்கம் கூடிருச்சு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. மாவரைக்க வந்தவங்க தூக்குப்போசியோட அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. பேப்பரு போடற ஆளு ஒருத்தன் வந்து, யாரோ எதுக்குங்க, உங்க ஊட்டுக்காரருதான் பாட்டிலோட நின்னு ஊத்துனாரு, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டான்.

அந்தம்மா மஞ்சத்தண்ணி கரைச்சு வாசலக் கழுவி விட்டுட்டு, ஷட்டர எறக்கி, சாவியக் கொண்டு போயி அண்ணன்கிட்டக் குடுத்துருச்சு. பொண்ணு கொழந்த பொறந்ததுல இருந்து வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சாம். அந்த வாரமே கெளம்பி கிருஷ்ணகிரிக்கு வந்துருச்சு. மில்லு பூட்டிக் கெடக்குது. அவங்கண்ணன் மிசின வெல பேசிட்டாரு. வெள்ளிக்கெழம காலையில லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. மில்லும் போச்சுன்னா அந்தம்மாவுக்குச் சங்ககிரியில திரும்பி வர்றதுக்கு எடமே இல்லீங்க.

மிசின வெல பேசுனாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் அர்த்தநாரியண்ணன் எங்கடைக்கு வந்தாரு. மத்தியானம், கடையில யாரும் இல்ல. பழைய டயரு மேல ஒக்காந்துக்கிட்டாரு. அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாரு. தெனம் போயி நிக்கறதச் சொன்னாரு. வண்டி சொட்டற ஆயிலப் பாத்து இவரு வந்துட்டுப் போனது அந்தம்மாவுக்குத் தெரியுமாம். கடை தொறக்கறப்ப யாரும் வழுக்கி விழுந்துரக் கூடாதுன்னு, கூட்டி அள்ளுன மாவு ஒரு கை அந்த ஆயிலு மேல போட்டு மூடுமாம். மறுநா இவரு போயி அந்த மாவப் பாப்பாரு. பாத்தா அவ பாத்துட்டான்னு அர்த்தம். மூணு வருசமா இதுதானுங்க அவங்க பேச்சு.

இவரு அதுல என்னென்னமோ கண்டுபிடிச்சு வச்சிருக்கறாரு. ராகி மாவு போட்டிருந்தா சும்மா சாதாரணமா இருக்கறாளாம். ஒருக்கா மொளகாத்தூளு போட்டிருந்துச்சாம், அன்னிக்கு முழுக்க அவளுக்கு என்ன கோவமோன்னு இவரு சோறு திங்கலியாம். பேத்தி பொறந்தப்ப மஞ்சத்தூளு போட்டிருந்துச்சாம். நான் சொன்னேன், அண்ணா, அன்னிக்கு எத அரைச்சாங்களோ அதுதான் கீழ சிந்தியிருக்கும், அதத்தான் அள்ளிப் போட்டிருப்பாங்கன்னு. அவரு என்னயப் பாத்துட்டு சொன்னாரு.

“இருக்கலாம் செங்கோடா. ஆனா அள்ளிப் போட்டது அவதான?”



சீலு மாத்துன பொறகு வட்டம் விழுகல. அந்தம்மா, மனுசன் வர்றத நிறுத்திட்டாருன்னு நெனச்சுருச்சு. மாவு போடறதுக்கு எடமில்ல, அதனால மாவும் இல்ல. இவரு மொத நாலஞ்சு நாளு, அவளுக்கு விட்டுப் போச்சுன்னு நெனச்சு உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டிருந்திருக்கறாரு. அப்பறந்தான் வண்டி சொட்டறதில்லைன்னு பாத்து எங்கிட்ட வந்து கேட்டாரு, நான் சிரிச்சேன். நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா நான் சிரிச்சிருப்பனா? சொல்லுங்க. என் பொண்டாட்டிக்குச் சேதி சொல்றதுக்கு எனக்கு அந்த ஒழுகலு வேணும்னு சொல்லியிருந்தா, அந்த நிமிசமே பிரிச்சு பழைய சீல மாட்டியிருப்பேன். வாயத் தொறந்து சொல்லாதது அவரு தப்பு. இதையே எம்பட சம்சாரத்துகிட்டச் சொன்னேன். அவ, வேண்டாம்னவருக்கு நீங்க எதுக்கு மாத்துனீங்கன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்குத் தொழிலு தெரியாதுங்க.

அர்த்தநாரியண்ணன் போன் பண்ணிப் பாத்திருக்கறாரு. கொரலு கேட்டதும் அந்தம்மா வச்சுருச்சாம். நேருல வந்தா படியேத்தாதன்னு பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்குதாம். அதான் எங்கிட்ட வந்தாரு. நீ போயிச் சொல்லு செங்கோடா, சீல மாத்துனது நாந்தான்னு மட்டும் சொல்லு, மத்தத அவ புரிஞ்சுக்குவா, நான் சொன்னா நம்ப மாட்டா, நீ வெளியாளுன்னாரு. எந்திரிச்சுப் போறப்ப இன்னொண்ணும் சொன்னாரு. நீ சிரிச்சதுல தப்பில்ல, நாந்தான் உங்கிட்ட வெவரமாச் சொல்லியிருக்கோணும்னாரு. அத அவரு சொல்லாமப் போயிருக்கலாமுங்க. திட்டியிருக்கலாம். அன்னிக்கிருந்து ஸ்பேனரு கையில நிக்க மாட்டேங்குது.

போன் நம்பரு எங்கிட்ட இருக்குது. ஆனா இதெல்லாம் போன்ல சொல்ற விசயமுங்களா? நேருல போறதுதான மரியாத.

போன வாரமும் வந்தேனுங்க. இதே பஸ்ஸுதான். ராயக்கோட்டை ரோட்டுல அந்தம்மா இருக்கற ஊட்டக் கண்டுபிடிச்சுட்டேன், பச்சக் கேட்டு போட்ட ஊடு. எதுத்தாப்புல ஒரு டீக்கடை. ஒரு டீய குடிச்சுட்டுப் போலாம்னு ஒக்காந்தேன். பாவாயக்கா வெளிய வந்து, கொழந்தய இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. மில்லுப் பக்கம் போறப்ப நான் அதப் பாத்திருக்கறேன், ஆனா என்னய அதுக்குத் தெரியாது, பாத்ததே இல்ல, அது இருந்தது ஊருக்கு அந்தக் கடைசி, எங்கடை இந்தக் கடைசி. ஒரு பழைய வண்டி சத்தம் கேட்டுச்சுங்க அப்ப. புல்லட்டுதான், யாரோ ஒரு பையன் ஓட்டிட்டுப் போனான். அந்தம்மா தலைய நீட்டி அது தெருமுக்குத் திரும்பற வரைக்கும் பாத்துச்சு. அப்பறம் உள்ள போயிருச்சு. நான் இன்னொரு டீ குடிச்சேன். கொழந்தைக்குச் சோறு ஊட்டற நேரமா இருக்கும், அப்பப் போயி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனச்சேன். அப்பறம் வெயிலு ஏறிருச்சு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

அர்த்தநாரியண்ணன்கிட்ட ஊடு பூட்டியிருந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு அந்த மனுசன், பூட்டிட்டு எங்க போயிருப்பா, கொழந்தைக்கு ஏதாச்சும் ஒடம்புக்கு முடியலையோ, ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்களோன்னு ஒரு வாரமா கெடந்து தவிக்கறாரு. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் போகாத மனுசனுங்க. இன்னிக்குக் காலையில சங்ககிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, பேத்திக்குக் குடுன்னு இந்தப் பையக் குடுத்துட்டுப் போனாரு. சின்னதா ஒரு கவுனு, கொஞ்சம் கல்கண்டு. அந்தக் கவுனு அளவச் சரியா எடுத்திருக்கறாரான்னு தெரியல, அவரு பேத்தியப் பாத்ததில்லையே.

நான் கோழையில்லீங்க. எஞ்சினு தீப்புடிச்சு எரியறப்பக் கையில மண்ண அள்ளிப் போட்டு அணைச்சவன் நான். ஆனா அந்தம்மா ஒண்ணு கேக்குமுங்களே. அவரு வந்து கேட்டப்ப நீ ஏன் திருப்பி மாட்டிக் குடுக்கலன்னு கேக்கும். அதுக்கு நான் என்ன சொல்லுவேன்?

காவேரிப்பட்டணம் தாண்டியாச்சுங்களா? அப்ப அடுத்தது கிருஷ்ணகிரிதான்.

நீங்க எறங்கி எந்தப் பக்கம் போறீங்க? ராயக்கோட்டை ரோடா? அட, பாருங்க. பச்சக் கேட்டு, எதுத்தாப்புல டீக்கடை, தப்பவே முடியாது. ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே. நீங்க பதனமான, நிதானமான ஆளாத் தெரியறீங்க. நீங்களே போயிச் சொல்லிருங்க. நாந்தான் சங்ககிரி மெக்கானிக்குன்னு சொல்லுங்க. அந்தம்மா என் மூஞ்சியப் பாத்ததில்ல, ஒண்ணும் தெரியாது. சீலு எப்படி மாத்துனன்னு கேட்டாக் கூட உங்களுக்குத் தெரியும், பள்ளம் விழுந்த தண்டு, செல்லோடேப்பு, பைப்புத்துண்டு, அத்தனையும் சொல்லிட்டேன். கைய மட்டும் மடியில வச்சுக்கங்க, நகம் இத்தன சுத்தமா இருந்தா சந்தேகப்படும்.

இந்தாங்க பையி. புடிங்க, புடிங்க, கண்டக்டரு விசிலு அடிக்கறாரு. வெள்ளிக்கெழம லாரி வருதுன்னு மறக்காமச் சொல்லுங்க. அவரு வேண்டாம்னு சொல்லியும் கேக்காம மாத்துனேன்னு சொல்லுங்க. தெனம் வந்து நின்னதச் சொல்லுங்க. அந்தக் கருப்பு ஆயிலு எங்கடையோடது, செய்வினை கிய்வினை ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க.

நான் சிரிச்சத மட்டும் சொல்ல வேண்டாமுங்க.